கோல்பிரெல்லி விலகல்: இத்தாலியச் சட்டம் தள்ளியதா, அவரே எடுத்த முடிவா?

மழைச்சக்கரம்

வேறொரு இழையில் இத்தாலியச் சைக்கிள் பந்தய வீரர் சோன்னி கோல்பிரெல்லியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இத்தாலிக்காரர்கள் சட்டத்தைக் காட்டி நல்ல வீரர் ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் அந்த இழை திசை மாறிவிடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐசிடி, அதாவது இதயத்துக்கு உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் கருவி, வைத்தவர்கள் இத்தாலியில் போட்டியில் ஓட முடியாது. சட்டம் அப்படி ஒரு கதவை அடைத்தது உண்மைதான். ஆனால் பந்தயத்தை விட்டது அவருடைய சொந்த முடிவு. சரியான முடிவும்கூட.

புதிதாகப் படிப்பவர்களுக்காக 2021-ஐக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோல்பிரெல்லி வடக்கு இத்தாலியில் ப்ரெஷா பக்கத்துக்காரர், 1990-இல் பிறந்தவர். பல வருடம் "நல்ல ஸ்பிரிண்டர் (கோட்டுக்கு அருகே வேகமெடுத்து முந்துபவர்), ஆனால் பெரிய வெற்றி இல்லை" என்ற பெயரோடே ஓடிக்கொண்டிருந்தார். 31 வயதில் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவந்தது. ஜூனில் இத்தாலியச் சாம்பியன். செப்டம்பரில் பெனலக்ஸ் டூர், அதே மாதம் த்ரெந்தோவில் ஐரோப்பியச் சாம்பியன். த்ரெந்தோவில் பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் எத்தனை முறை கையைக் காட்டிக் கேட்டும் இவர் முன்னால் போய் எதிர்காற்றை ஏற்கவே இல்லை. பின்சக்கரத்தை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஸ்பிரிண்டில் தாண்டினார். எவனபூலுக்குக் கோபம் வந்தது, ஆனால் பந்தயம் என்றால் அதுதான்.

அப்புறம் அக்டோபர் 3, பாரி-ரூபே, பிரான்சில் கல் பாவிய சாலைகளில் நடக்கும் ஒருநாள் பந்தயம். கொரோனாவால் 2020-இல் நடக்காமல், 2021 ஏப்ரலிலிருந்தும் தள்ளிப்போய், முதன்முறையாக இலையுதிர் காலத்தில் நடந்த ரூபே. 2002-க்குப் பிறகு மழையில் நடந்த முதல் ரூபேயும் அதுதான். கல் பாவிய சாலை முழுக்கச் சேறு, முகத்தைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான்னி மொஸ்கோனுக்கு டயர் பஞ்சர், பிறகு ஒரு சறுக்கல். கடைசியில், பந்தயம் முடியும் வெலோட்ரோம் என்ற சைக்கிள் மைதானத்துக்குள் நுழைந்தது மூன்று பேர்: மாத்யு வான் டெர் பூல், ஃப்ளோரியான் வெர்மீர்ஷ், கோல்பிரெல்லி. மூவருக்கும் அதுதான் முதல் ரூபே. முதலாவதாகக் கோட்டைத் தாண்டியதும் கோல்பிரெல்லி சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக் கத்தியதை நேரலையில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999-இல் ஆந்த்ரேயா தாஃபி வென்றதற்குப் பிறகு ரூபேயை வென்ற முதல் இத்தாலியர்.

அதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2022 மார்ச் 21, ஸ்பெயினில் கட்டலூன்யா சுற்றின் முதல் நாள், சான்ட் ஃபெலியு தே கிஷோல்ஸ். ஏறிப்போகும் ஸ்பிரிண்ட். மைக்கேல் மேத்யூஸ் முதலிடம், கோல்பிரெல்லி இரண்டாமிடம். கோட்டைத் தாண்டிய சற்று நேரத்தில் சரிந்து விழுந்தார். இதயம் நின்றிருந்தது. மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தி, டிஃபிப்ரிலேட்டர் (நெஞ்சுக்கு வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் மெஷின்) வைத்து உயிரை மீட்டது. ஜிரோனா மருத்துவமனை, பிறகு இத்தாலியில் பாதுவா, அங்கே உடம்புக்குள் ஐசிடி பொருத்தினார்கள். அதே வருடம் நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

ஏற்றம்

நண்பரே, அந்தக் கருத்தை எழுதியது நான்தான், அதில் மாற்றமில்லை. டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில், உலகமே பார்க்க இதயம் நின்றவர். ஐசிடி வைத்தார்கள். இத்தாலியில் அதோடு ஆட முடியாது என்பதால் அந்த டிசம்பரில் இன்டர் அணி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஜனவரியில் இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு, அடுத்து மான்செஸ்டர் யுனைடெட். அவருக்கு முன்பே நெதர்லாந்தின் டேலி பிளிண்ட் ஐசிடியோடு ஆடினார். மிலானில் ஆபத்தாக இருந்த அதே இதயம் லண்டனில் எப்படிச் சரியாகும்? ஆபத்து முழுவதையும் விளக்கிச் சொல்லிவிட்டு முடிவை வீரரிடம் விட வேண்டும். கோல்பிரெல்லி முப்பது வயது தாண்டிய மனிதர், சின்னப் பிள்ளை இல்லை.

2013-இல் சர்க்குலேஷன் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வும் இருக்கிறது. ஐசிடியோடு விளையாடிய 372 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். விளையாடும்போது ஒரு மரணம்கூட இல்லை, ஷாக் வாங்கியதால் பெரிய காயமும் இல்லை.

கார்த்திகைப்பூ

நான் இதயப் பிரிவில் கேத்லேப் (இதயக் குழாய்களைச் சோதிக்கும் கூடம்) டெக்னீஷியன், ஐசிடி வைத்தவர்களுக்கு மெஷினைச் சோதித்து அளவு மாற்றுவது என் தினசரி வேலை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இங்கே சிலர் முன்பு "ஹார்ட் அட்டாக்" என்று எழுதியிருந்தீர்கள். அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. இது கார்டியாக் அரெஸ்ட். இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, தசை துடிக்காமல் வெறுமனே நடுங்கும், ரத்தம் ஓடாது. சில நொடியில் நினைவு போய்விடும். ஷாக் கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். கோல்பிரெல்லி கோட்டைத் தாண்டி, ஆட்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது பெரிய அதிர்ஷ்டம்.

ஐசிடி என்பது தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய மெஷின். பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்போம். அங்கிருந்து ஒரு ஒயர் ரத்தநாளம் வழியாக இதயத்தின் வலது கீழறைக்குப் போகும். துடிப்பு ஆபத்தான தாளத்துக்கு மாறினால் மெஷின் கண்டுபிடித்து, சில நொடியில் சார்ஜ் ஏற்றி, உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். வாங்கியவர்கள் சொல்வது, நெஞ்சில் யாரோ ஓங்கி உதைத்த மாதிரி இருந்தது என்று.

ஏற்றம் அவர்களே, நீங்கள் சொன்ன ஆய்வு நல்ல ஆய்வு. அது வந்த பிறகுதான் பல டாக்டர்கள் "ஐசிடி இருந்தால் விளையாட்டே கூடாது" என்ற பழைய பேச்சை விட்டார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் வீரரோடு கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வில் பத்தில் ஒருவர் விளையாடும்போதே ஷாக் வாங்கினார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். கால்பந்து மைதானத்தில் ஷாக் வாங்கினால் புல்லில் விழுவார், ஆட்டம் நிற்கும், டாக்டர் ஓடி வருவார். சைக்கிளில் இறக்கத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது வந்தால்? ஸ்பிரிண்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டு 65-இல் போகும்போது வந்தால்? விழுவது அவர் மட்டும் இல்லை.

இன்னொன்று, இதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. சைக்கிள் வீரர்கள் கீழே விழுந்தால் அடிக்கடி உடைவது காறை எலும்புதான். மெஷின் இருப்பதும் ஒயர் போவதும் சரியாக அந்த இடத்தில். ஒரு விழுகையில் ஒயர் நைந்தால் தேவைப்படும்போது ஷாக் வராமல் போகலாம், அல்லது தேவையே இல்லாமல் வரலாம். அக்குள் பக்கம் தோலுக்கடியில் மெஷினை வைக்கும் வகையும் உண்டு, விலாவில் அடிபட்டால் அதுவும் பத்திரம் என்று சொல்ல முடியாது.

மழைச்சக்கரம்

நன்றி அக்கா. காறை எலும்பு விஷயம் எனக்குப் புதிது.

அவரே எடுத்த முடிவு என்று ஏன் சொன்னேன் என்றால், ஓய்வு அறிவிப்பில் அவரே விளக்கியிருக்கிறார். ஐசிடியை எடுத்துவிட்டுத் திரும்பவும் ஓட முடியுமா என்று ஒரு நிபுணரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். எடுப்பது மருத்துவ ஆலோசனைக்கு எதிரானது, அது உயிர்காக்கும் கருவியையே எடுத்துப்போடுவது மாதிரி, அந்த ஆபத்தைத் தன்னால் ஏற்க முடியாது என்றார். அப்படியொரு வருடத்துக்குப் பிறகு விடைபெறுவது வலிக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார். சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். அவர் அதைச் செய்யவில்லை.

வல்வை மைந்தன்

வணக்கம். நான் பெல்ஜியத்தில, அன்ட்வெர்ப் பக்கம் இருக்கிறன். இங்க சைக்கிள் பந்தயம் எண்டால் ஊர்த் திருவிழா மாதிரி, சின்னப் பிள்ளையும் கதைக்கும். நாதன் வான் ஹூய்டொங்க்கை யாரும் சொல்லேல்லை, அதனால எழுதுறன்.

2023 செப்டம்பர் 12. யும்போ-விஸ்மா அணியில விங்கெகோருக்கு டூர் டி பிரான்ஸ் வெல்ல 2022-லயும் 2023-லயும் முன்னுக்கு நிண்டு இழுத்த பெடியன், வயது 27. கால்ம்தவுட் எண்ட இடத்தில கார் ஓடிக்கொண்டு போகேக்க சுகமில்லாமல் வந்து கார் மோதிட்டுது. பக்கத்தில கர்ப்பிணி மனைவி. இங்க முதல்ல விபத்துச் செய்தியாத்தான் வந்தது, ஆள் தப்பமாட்டார் எண்டே எல்லாரும் நினைச்சம். பிறகுதான் இதயத் தசையில கோளாறு எண்டு தெரிஞ்சது. ஐசிடி வைச்சாங்கள், அதே மாதத்துக்குள்ள ஓய்வு எண்டு அறிவிச்சார். கார் மோதின அண்டைக்கு ஸ்பெயினில வுவெல்டா எண்ட பெரிய பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பேஹெஸ் ஏற்றத்தில விங்கெகோர் வெண்டு, அந்த வெற்றி நாதனுக்கு எண்டு சொன்னார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நாதன் இத்தாலிக்காரர் இல்லை. அவருக்கு இத்தாலிச் சட்டம் இல்லை. அவரும் விட்டார்.

மைக்கேல் ஹோலார்ட்ஸையும் நினைக்க வேணும். 2018 ரூபே, வயது 23. கல்லுச் சாலையில விழுந்து கிடந்தார், அண்டிரவே செத்துப்போனார். விழுந்ததால இதயம் நிக்கேல்லை, இதயம் நிண்டதாலதான் விழுந்தவர் எண்டு பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது. அந்த வருசம் சாகன் வெண்டார் எண்டு எல்லாரும் சொல்லுவினம். இங்க எங்களுக்கு அது ஹோலார்ட்ஸ் போன வருசம்.

நொய்யல்

எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வருகிறேன். நான் பந்தயக்காரன் இல்லை, கோவையில் விடிகாலையில் ஓட்டும் குழுவில் இருக்கிறேன், 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்கும் நீண்ட தூர ஓட்டம்) வரை போவோம். எனக்கொரு சந்தேகம். கோல்பிரெல்லிக்கு அந்த மார்ச்சில் முன்பே மூச்சுக்குழாய் அழற்சி இருந்தது, அதனால்தான் மிலான்-சான்ரேமோ பந்தயத்தில் ஓடவில்லை என்று படித்தேன். அதோடு சேர்ந்து ஓடியதால்தான் இப்படி ஆனதா? சிலர் தடுப்பூசி என்கிறார்கள்.

கார்த்திகைப்பூ

தம்பி, அவருக்கு என்ன காரணத்தால் ஆனது என்று இங்கே யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஒருவருடைய மருத்துவ அறிக்கையைப் பார்க்காமல் தடுப்பூசி, சளி என்று கிளப்பிவிடுவது அவருக்கும் நல்லதில்லை, படிப்பவர்களுக்கும் நல்லதில்லை. அந்தப் பேச்சு இந்த இழையில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொதுவாகச் சொல்கிறேன். வைரஸ் காய்ச்சலில் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வரும், மயோகார்டைட்டிஸ். அந்த நேரத்தில் கடுமையாக உழைத்தால் தாளம் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. அதனால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியே கூடாது என்பார்கள். இத்தாலியின் தியேகோ உலிஸிக்கு 2020 டிசம்பரில் அணியின் வழக்கமான பரிசோதனையில் இது தெரிந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அந்த வருட ஜிரோவில் (இத்தாலிச் சுற்றுப் பந்தயத்தில்) இரண்டு நாள் வென்றவர். நிறுத்தி வைத்தார்கள். பிறகு சரியாகித் திரும்பி வந்து ஓடினார். எலியா விவியானிக்கும் 2021 தொடக்கத்தில் தாளக் கோளாறு வந்து, சிகிச்சை முடித்து அதே வருடம் ஓடினார். எல்லா இதயக் கோளாறும் ஓய்வில் முடிவதில்லை. எது சரியாகும், எது சரியாகாது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

உங்களுக்கான பதில்: காய்ச்சல் இருந்தால், உடம்பு முறுக்கி வலித்தால், நெஞ்சில் கனமோ படபடப்போ இருந்தால் ஓட்டாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் கழித்து மெதுவாகத் தொடங்குங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்து விழுந்திருந்தால், அல்லது வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், கட்டாயம் இதய டாக்டரைப் பார்த்து ஈசிஜி, எக்கோ எடுத்துவிடுங்கள்.

ஏற்றம்

அக்கா, சைக்கிளுக்கும் கால்பந்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இத்தாலியில் அந்த வித்தியாசத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஐசிடி என்றால் முடிந்தது, எல்லோருக்கும் ஒரே விதி. தனியாக ஓட்டும் டைம் டிரையல்காரருக்கும், 200 பேரோடு ஓடுபவருக்கும், ஏன் எரிக்சனுக்கும் ஒரே பதில்தானே?

மழைச்சக்கரம்

இத்தாலியச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிட்டுத் திட்டலாம், சகோ.

1971-இலேயே விளையாட்டு வீரர்களின் உடல்நலத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 1982 ஆணைப்படி, போட்டியில் பங்கேற்கும் எவரும், பள்ளிப் பையனாக இருந்தாலும், ஈசிஜி எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாதுவா மருத்துவர்கள், டொமெனிகோ கொர்ராதோ குழு, வெனெத்தோ பகுதியின் 1979 முதல் 2004 வரையான கணக்கை எடுத்து 2006-இல் வெளியிட்டார்கள். இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்ற அளவிலிருந்து 0.4 ஆகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட 89 சதவீதம். வேறு நாடுகளில் இதே பலன் கிடைக்குமா என்று மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது, அது வேறு. ஆனால் அங்கே சான்றிதழில் கையெழுத்துப் போடும் டாக்டர் மேல் சட்டப் பொறுப்பு இருக்கிறது. வீரர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் டாக்டரின் பொறுப்பு போகாது. அந்தச் சட்டத்தால் எத்தனையோ பையன்கள் தங்களுக்கு இதயக் கோளாறு இருப்பதை மைதானத்தில் விழாமலே தெரிந்துகொண்டார்கள்.

கோல்பிரெல்லியைக் காப்பாற்றப் போட்டதுபோல் தெரியும் விதி, உண்மையில் பேர் தெரியாத பதினாறு வயதுப் பையன்களுக்காகப் போட்டது. அதன் கடுமை ஒரு நட்சத்திரத்தின் மேல் விழும்போது நமக்கு வலிக்கிறது.

கார்த்திகைப்பூ

இதில் நான் ஏற்றம் பக்கமும் கொஞ்சம் நிற்கிறேன். பரிசோதனை கட்டாயம் என்பது வேறு, ஐசிடி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடை என்பது வேறு. முதலாவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதில் ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து, விளையாட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். எரிக்சன் ஆடியது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஆளைப் பார்த்து முடிவு செய்கிற நாட்டில் கோல்பிரெல்லி இருந்து, என்னைப் போன்ற ஒருத்தியிடம் கருத்துக் கேட்டிருந்தாலும், கூட்டப் பந்தயம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பந்தயத்தில் அவருடைய பின்சக்கரத்தை நம்பி, ஒரு ஜாண் இடைவெளியில் வருகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே. முடிவை வீரரிடம் விடுங்கள் என்று சொல்லும்போது, எத்தனை வீரர்கள் என்று யோசிக்க வேண்டும்.

ஏற்றம்

ஒரு ஜாண் இடைவெளி வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லோருக்கும் ஒரே தடை என்ற விதி மேல் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அது கோல்பிரெல்லியைப் பற்றிய வாதம் இல்லை, சரி.

வல்வை மைந்தன்

ஏற்றம் அண்ணை, நல்லாச் சொன்னீங்கள். நான் ஒண்டு சேர்க்கிறன். இத்தாலி வீரர் இவான் பாசோ, 2015 டூர் டி பிரான்ஸில விழுந்து வலி போகேல்லை எண்டு காட்டப் போய் விதைப்பைப் புற்றுநோய் எண்டு தெரிஞ்சது. போ நகரத்தில ஓய்வு நாளில, பக்கத்தில அணித்தோழர் கொன்டடோர் இருக்க, அவரே அறிவிச்சார். அறுவைச் சிகிச்சைக்கு மிலான் போனார், அந்த ஒக்டோபரில ஓய்வு. நோய் சுகமாச்சுது, பந்தயத்துக்கு வரேல்லை. அவருக்கு வயது 37, போக வேண்டிய நேரம்தான். கோல்பிரெல்லிக்கு அப்பிடியில்லை. வாழ்க்கையிலேயே நல்லா ஓடின வருசத்துக்கு அடுத்த வருசம். ரூபே வெண்டவர் அடுத்த ரூபேயில நிண்டு ஓட வேணும் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார். அதை நினைச்சால் நெஞ்சு கனக்குது.

மழைச்சக்கரம்

ஆமாம். 2022 ரூபே நடந்தபோது அவர் மருத்துவமனையிலிருந்து வந்து சில வாரமே ஆகியிருந்தது. ஒரே ஒரு ரூபே ஓடினார், அதை வென்றார், அதோடு சரி. இதில் ஆறுதல் சொல்ல எதுவும் இல்லை, சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். உயிரோடு இருக்கிறாரே, போதாதா என்று பலர் எழுதுகிறார்கள். உயிரோடு இருப்பது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் பதினைந்து வருடம் உழைத்து ஒரு இடத்துக்கு வந்தவரிடம் இழப்பே இல்லை என்ற மாதிரி பேசுவது அவரை மதிக்காத பேச்சு. இரண்டும் உண்மை. ஓய்வுக்குப் பிறகும் தான் ஓடிய பஹ்ரைன் அணியோடு அவர் இருந்தார், அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் முப்பது நாற்பது பேர், பாதிப் பேருக்கு வயது 45-க்கு மேல். ஊரைத் தாண்டி வெறும் சாலையில் ஒருவர் கோல்பிரெல்லி மாதிரி விழுந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? டிஃபிப்ரிலேட்டர் எல்லாம் எங்களிடம் கிடையாது.

கார்த்திகைப்பூ

நல்ல கேள்வி தம்பி. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் விட்டுவிட்டுக் கேவுவது மாதிரி வாயைத் திறப்பார்கள், சிலருக்குக் கைகால் இழுக்கும். மூச்சு இருக்கிறது, வலிப்புதான் என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து நேரத்தைக் கடத்துவது நான் அடிக்கடி கேள்விப்படுவது. அதைச் செய்யாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடத்தைச் சொல்லட்டும். இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்த வேண்டும், ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. முழங்கையை மடக்கக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் கூட்டமாகப் போவது அதற்கு வசதி. விலா எலும்பு உடைந்தாலும் நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸ் வந்து கையில் எடுக்கும் வரை.

படித்தால் மட்டும் கை வராது. பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேர வகுப்பைப் பல மருத்துவமனைகள் நடத்துகின்றன, குழுவாகக் கேட்டால் உங்கள் இடத்துக்கே வருவார்கள். அடுத்த பிரெவேக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் தனிமடலில் கேளுங்கள், இரவு டியூட்டி முடிந்து பதில் போடுகிறேன்.